‘இது வேண்டாம்’ என்று சொன்னவர்களுக்கு நன்றி

நான் ஹாம், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவன். என் நாற்பது மீட்டர் (ஏழு மெகாஹெர்ட்ஸ்) டைபோல் ஆன்டெனாவில், கேபிள் வந்து சேரும் ஊட்டு முனையில் இப்போது ஒரு சோக் தொங்குகிறது: வளையத்தில் கேபிளைச் சுற்றிச் செய்த, வேண்டாத மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள். மைக் பொத்தானை அழுத்தினால் கீழ்வீட்டு அழைப்பு மணி தானாக அடிப்பதில்லை. இதற்கு உதவியவர்களில் பாதிப் பேருக்கு ஹாம் வானொலி என்றால் என்னவென்றே தெரியாது. இருந்தாலும் நன்றியைப் பொதுவில் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவின் கடைக்கார அண்ணனுக்கு. அந்தத் தெருவில் சோக் சுற்ற ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையம் கேட்டால் யாரும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. கணினி பவர் சப்ளையிலிருந்து கழற்றிய, மஞ்சள் பூசி ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் வளையத்தை எடுத்து நீட்டிவிடுவார்கள். அது ஃபெரைட்டே அல்ல, அழுத்திய இரும்புத்தூள். அண்ணன் ஒருவர்தான், “எந்த அலைவரிசைக்கு?” என்று கேட்டார். ஏழு மெகாஹெர்ட்ஸ் என்றதும், மேசைமேல் பரப்பியிருந்த பெரிய கறுப்பு வளையங்களை டப்பாவுக்குள் திரும்பப் போட்டார். “இதெல்லாம் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை சரக்கு. நூறு கிலோஹெர்ட்ஸில் நன்றாக உழைக்கும். உங்களுக்கு ஆகாது, வாங்காதீர்கள்.” கையில் பணத்தோடு நிற்பவரிடம் இப்படிச் சொல்லும் கடைக்காரர் எத்தனை பேர்!

ஃபெரைட்டில் தொல்லையே இதுதான். எல்லாம் கறுப்பு, எல்லாம் கனம், எதிலும் பெயர் எழுதியிருக்காது. இந்தப் புதிரை அவிழ்த்தவர் எங்கள் வட்டாரத்து மூத்த ஹாம் ஐயா. நான் சேர்த்து வைத்திருந்த பழைய வளையங்களின் மேற்பூச்சைச் சுரண்டி மல்டிமீட்டர் முனைகளை வைத்தார். மாங்கனீசு-துத்தநாக வகையானால் மீட்டர் ஏதாவது ஓர் அளவு காட்டும். நிக்கல்-துத்தநாக வகையில் முள் அசையாது. ஆனால் எனக்குத் தேவைப்பட்ட, 31 என்று எண்ணிட்ட ஃபெரைட் கலவையும் மாங்கனீசு இனம்தான், பவர் சப்ளை வளையங்களும் அதே இனம்தான். ஆகவே கம்பி சுற்றி, நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவுக் கருவியில் அலைவரிசைதோறும் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பார்த்தோம். என் சேகரிப்பு முழுவதையும் ஐயா சிரிக்காமல் நிராகரித்தார். அந்தச் சிரிக்காத பண்புக்குத் தனி நன்றி.

கே9ஒய்சி என்ற அழைப்புக் குறியுள்ள ஹாம் ஜிம் பிரவுனை நான் சந்தித்ததில்லை. சோக்குகளைப் பற்றி அவர் இலவசமாகத் தந்திருக்கும் குறிப்புகள் இல்லாவிட்டால் எதைத் தேடுவது என்றே தெரிந்திருக்காது. கேபிளின் வெளிப்பின்னல்மேல் ஓடிவரும் மின்னோட்டத்தைத் தடுக்க, மின்தடைத் தன்மையுள்ள 5000 ஓமாவது வேண்டும் என்பது அவர் வாதம். ஏழு மெகாஹெர்ட்ஸில் அதற்கு 43ஆம் கலவையைவிட 31 பொருத்தம்.

அப்படி நான் தேர்ந்தெடுத்தது நியூயார்க் மாநிலத்து ஃபேர்-ரைட் நிறுவனத்தின் 31ஆம் கலவை வளையம், எண் 2631803802, வெளிவிட்டம் 61 மில்லிமீட்டர். விடுமுறைக்கு ஊர் வந்த நண்பரின் அண்ணி அந்த வளையங்களைப் பெட்டியில் சுமந்து வந்தார். ஃபெரைட் பீங்கான் இனம், கீழே விழுந்தால் உடையும் என்று சொல்லியிருந்தேன். ஒவ்வொன்றையும் ஒரு காலுறைக்குள் திணித்து, புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தார். ஒரு விளிம்புகூடச் சிதையவில்லை. அண்ணி, உங்கள் காலுறைகள் துவைத்துத் தயாராக இருக்கின்றன.

டெஃப்லான் காப்பிட்ட ஆர்ஜி-400 கேபிளில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்த நண்பருக்கும் நன்றி. அதை வளையத்தில் சுற்றி, ஐயாவின் கருவியில் தொடராக இணைத்து அளந்தோம். 5000 ஓம் என்றால் சோக்கைக் கடக்கும் சிக்னலின் தணிவு சுமார் 34 டெசிபெல் வரவேண்டும். அதைத் தாண்டியே வந்தது.

கடைசியாகக் கீழ்வீட்டு மாமி. நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்து, கதவைத் திறந்து பார்த்து ஏமாந்தும், ஒருநாளும் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போகவில்லை. “யாரோடு பேசினாய்?” என்று மட்டும் கேட்பார்.

இரண்டு வளையங்கள் மீதம் இருக்கின்றன. சென்னையில் சோக் செய்ய நினைக்கும் புதிய ஹாம் யாராவது இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். விலை எதுவும் வேண்டாம். சுற்றி முடித்ததும் அளவை மட்டும் சொல்லுங்கள்.

அனைவருக்கும் 73 (ஹாம் மொழியில் நல்வாழ்த்து).