தரம் 2, 3 வாசிப்பில் கைக்கும் வேலை கொடுங்கள்

மத்திய, ஊவா மாகாணங்களின் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்குப் பொறுப்பான ஆரம்பக் கல்வி உதவிக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

வாசித்து விளங்குதல் என்ற பெயரில் வகுப்புகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பிள்ளை பந்தியை உரத்து வாசிக்கும், கீழே உள்ள ஐந்து வினாக்களுக்கு விடை எழுதும். “கூடையை இறக்கியவர் யார்?” என்று கேட்டால், ‘கூடை’ வருகிற வரியைத் தேடிப் பிடித்துப் பார்த்து எழுதிவிடும். விடை சரி, புள்ளியும் கிடைக்கும். பந்தி விளங்கியதா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தரம் 2, 3 வாசிப்பில், சொல்லப்படுவதைப் பொருள்களால் செய்துகாட்டும் வேலைக்கு இடம் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இம்மடல்.

வாசிப்புக்கும் கைவேலைக்கும் தொடர்பு உண்டா என்பதற்கு மூளை ஆய்வுகள் சில தடயங்கள் தருகின்றன. 1861இல் புரோக்கா என்ற மருத்துவரும் 1874இல் வேர்ணிக்கே என்ற மருத்துவரும் இடப்பக்க மூளையில் மொழிக்குரிய இரு பகுதிகளைக் காட்டினார்கள். மொழி அந்த இரண்டோடு முடிந்துவிடுகிறது என்றே நெடுங்காலம் பலர் எண்ணினார்கள். 2004இல் ஹௌக், ஜோன்ஸ்ரூட், புல்வர்மியூலர் ஆகிய ஆய்வாளர்கள், நக்குதல், பறித்தல், உதைத்தல் ஆகிய செயல்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை வாசிக்கக் கொடுத்து மூளையைப் படம் பிடித்தார்கள். வாசித்தவர்கள் அசையாமல்தான் கிடந்தார்கள். ஆனாலும் முகம், கை, கால் ஆகியவற்றை இயக்கும் பகுதிகளிலும் அவற்றை ஒட்டியும், சொல்லுக்கேற்றபடி செயற்பாடு தெரிந்தது. மறு ஆண்டு, மூளையின் கைப்பகுதிக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புக் கொடுத்தபோது கை சார்ந்த சொற்களையும், கால்பகுதிக்குக் கொடுத்தபோது கால் சார்ந்த சொற்களையும் ஆய்வில் பங்குபற்றியவர்கள் விரைவாக இனங்கண்டார்கள். கறுவா போன்ற மணமுள்ள பொருள்களின் பெயர்களை வாசிக்கையில் மோப்பத்துக்குரிய பகுதி செயற்படுவது 2006இல் ஸ்பானிய மொழியில் காட்டப்பட்டது.

இதை மிகைப்படுத்துவதும் தவறு. விலகிச் செல்லும் செயலைச் சொல்லும் வாக்கியத்தை வாசித்தவரின் கை அதே திசையில் விரைவாக நகரும் என்ற 2002ஆம் ஆண்டு முடிவைப் பல ஆய்வுகூடங்கள் சேர்ந்து சோதித்தபோது, அந்த விளைவு கிடைக்கவில்லை. 2022இல் அதை வெளியிட்டார்கள். பிறவியிலேயே பார்வையற்றோர் ‘பார்த்தல்’, ‘மின்னுதல்’ போன்ற சொற்களை நன்றாகவே விளங்கிக்கொள்கிறார்கள். புலன்களிலிருந்து வருவதையெல்லாம் ஒன்றுசேர்க்கும் இடமாக, காதுக்கு உட்புறமுள்ள மூளை மடலின் முன்முனையைப் பல ஆய்வாளர் கருதுகிறார்கள். அது தேய்ந்துபோகும் நோயாளிக்குச் சொல்லின் பொருளும் மறக்கிறது, பொருளைக் கையில் கொடுத்தாலும் இன்னதென்று தெரிவதில்லை. ஆக, கண்டு தொட்டவை மட்டுமே பிள்ளைக்கு விளங்கும் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். மலைநாட்டுப் பொகவந்தலாவைப் பிள்ளை கடலைப் பார்த்ததில்லை என்பதற்காகக் கடல் பற்றிய பந்தியை நீக்கத் தேவையில்லை. படமும் பேச்சும் அங்கே உதவும்.

வகுப்பறைக்கு நேரடியாகப் பயன்படுவது உளவியலாளர் கிளென்பேர்க்கின் குழுவினர் 2004இல் செய்த ஆய்வு. முதலிரு வகுப்புப் பிள்ளைகள், பண்ணை பற்றிய கதையை வாசித்துக்கொண்டே வாக்கியம் சொல்வதைப் பொம்மைகளால் செய்தார்கள். வெறுமனே திரும்ப வாசித்தவர்களைவிட அவர்களுக்குக் கதை நன்றாக விளங்கியது, நினைவிலும் நின்றது. பொம்மைகளை எடுத்துவிட்டு, நகர்த்துவதாக மனதில் நினைக்கச் சொன்னபோதும் பயன் இருந்தது.

நம் வகுப்புக்கு இப்படிச் செய்யலாம். ஆறு முதல் எட்டு வாக்கியம் கொண்ட பந்தியை எடுங்கள். நான்கிலாவது செயல் இருக்கட்டும். செயலுள்ள வாக்கியத்தின் முடிவில் பச்சைப் புள்ளி. இருவருக்கு ஒரு தொகுதி பொருள்: நெருப்புப்பெட்டி லொறி, சோடா மூடி கூடை, குச்சிகள் ஆட்கள், ஒரு தாள்தான் மலை. எது யார் என்பதைத் தொடங்குமுன் பேசித் தீர்க்க வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் புள்ளியில் நகர்த்தட்டும், பாதியில் மாறிக்கொள்ளட்டும். அடுத்த வாசிப்பில் பொருள்கள் இல்லை, புள்ளியில் நின்று மனதுக்குள் நகர்த்த வேண்டும். விடை எழுதுவது அதன் பிறகு, புத்தகத்தை மூடிவைத்து.

தமிழுக்கு இதனால் தனிப் பயன் உண்டு. நம் மொழியில் யார், யாருக்கு, எதை என்பதை வேற்றுமை உருபுகள் சொல்கின்றன. வினை கடைசியில்தான் வரும். தமிழ் போலவே வினையை இறுதியில் வைக்கும் யப்பானிய மொழியைக் கேட்பவர்கள், உருபுகளை வைத்தே அடுத்து வரப்போகும் பொருளை வினைக்கு முன்பே கண்ணால் தேடுகிறார்கள் என்று 2003இல் காட்டப்பட்டது. உருபைத் தவறவிடும் பிள்ளை, முதலில் வரும் ஆளையே செய்தவராக எடுத்துவிடக்கூடும். “மாமியின் கூடையில் இருந்த கொழுந்தை அக்கா படங்கில் கொட்டினாள்” என்ற வாக்கியத்தில் மாமிக் குச்சி கொட்டினால், கோளாறு எங்கே என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். “மரத்திலிருந்து விழுந்த கொய்யாவைப் பொறுக்கிய தம்பியைப் பார்த்த பாட்டி சிரித்தாள்” போன்றவை இன்னும் கடினம். கொய்யாவைப் பொறுக்கப் பாட்டி போகிறாளா, தம்பி போகிறானா என்று பாருங்கள். எழுதிய விடையில் இந்தப் பிழை மறைந்துவிடும்.

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. வாக்கியத்தோடு ஒட்டாத கைதட்டல், நடனம் எல்லாம் உற்சாகம் தரும், விளக்கம் தராது. அழகான பொம்மை கொடுத்தால் கவனம் பொம்மைக்குப் போய்விடும். ஆசிரியர் முன்னால் நின்று செய்துகாட்டி முப்பது பேர் பார்த்திருப்பது, அவரவர் கையால் செய்வதற்கு ஈடாகாது. கெட்டிக்காரப் பிள்ளையே எப்போதும் நகர்த்தினால் மற்றப் பிள்ளையின் நிலை தெரியாது. மனதில் நகர்த்தும் படியைத் தவிர்த்தால், பொருள் இல்லாத பந்தியில் பிள்ளை திணறும். அதிகம் விடுபடுவது இந்தப் படிதான். தடுப்பில்லாத ஒரே மண்டபத்தில் பல தரங்கள் நடக்கும் தோட்டப் பாடசாலைகளில் மெல்லிய குரலில் வாசிக்கப் பழக்குங்கள், இல்லையேல் பக்கத்து வகுப்பு நடக்காது.

புதிய பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றும் ஆரம்பக் கல்வியில் ஏற்கெனவே உண்டு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் அவசரம் எழுத்து வேலையை மட்டும் கீழ் வகுப்புகள் வரை இழுத்து வந்திருக்கிறது. தவணைப் பரீட்சையின் வாசிப்புப் புள்ளிகளில் ஒரு பகுதியைச் செய்துகாட்டலுக்குக் கொடுங்கள். மேற்பார்வைக்குப் போகும்போது கொப்பியில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், பந்தியில் ஒரு வாக்கியத்தைக் காட்டி “இதைச் செய்து காட்டு, பார்ப்போம்” என்று ஒரு பிள்ளையிடம் கேளுங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால் ஆசிரியர்களும் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஆரம்ப வகுப்பு வாசிப்புக் கற்பித்தலில் ஈடுபட்டுள்ள ஆசிரியக் கல்வியாளர்கள்