உடல் நலிவைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. தீபாவளிக்கு வந்திருந்தபோது நீ நாற்காலியிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் இரு கைகளையும் ஊன்றி எழுந்ததையும், ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் தங்கையிடம் நீட்டியதையும் பார்த்தேன். கேட்டதற்கு, டயாலிசிஸ் முடிந்த அசதி என்றாய். நீ டயாலிசிஸுக்குப் போகாத நாளிலும் அப்படித்தான் இருந்தாய் என்பதால் இதை எழுதுகிறேன்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இளம் வயதிலேயே உடல் நலிவு வரக்கூடும். இதை அளக்கும் முறையை அமெரிக்க முதியோர் நல மருத்துவர் லிண்டா ஃபிரீட் குழுவினர் 2001-இல் 65 வயதை எட்டியவர்களை வைத்து வகுத்தார்கள்: காரணமின்றி எடை குறைவது, சோர்வு, கைப்பிடியின் வலுக் குறைவு, மெதுவான நடை, நடமாட்டம் குறைவது ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் நலிவு என்று பொருள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டயாலிசிஸ் செய்துகொள்வோரை வைத்து நடந்து, 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், 65 வயதுக்குட்பட்டவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நலிவுற்றிருந்தார்கள். முப்பதுகளில் இருக்கும் உன்னைப் பார்த்து இதைச் சோதிக்க யாருக்கும் தோன்றாமல் போகலாம். அதுதான் என் கவலை.

எடை குறையவில்லையே என்றும் சொன்னாய். தசை கரைந்த இடத்தில் நீர் கோத்துக்கொண்டால் எடைக் கருவி அதே எண்ணைத்தான் காட்டும். உன் சட்டையோ தோளில் தொளதொளத்துக் கிடந்தது. இரத்தத்தில் அமிலம் மிகுவதும், ஓயாத அழற்சியும், இரத்தசோகையும், பசியின்மையும், டயாலிசிஸில் கழிந்துபோகும் புரதச் சத்தும் சேர்ந்து செய்யும் வேலை இது. அலுவலகத்தில் யாராவது உன்னைச் சோம்பேறி என்றால் மனத்தில் வைத்துக்கொள்ளாதே.

அடுத்த முறை மருத்துவரிடம், கைப்பிடி வலுவையும் நடை வேகத்தையும் அளக்கும்படியும் உன் டிரை வெயிட்டை (மிகுதி நீர் வெளியேறிய பிறகு இருக்க வேண்டிய எடையை) மறுபடி பார்க்கும்படியும் நீயே கேள். டயாலிசிஸில் இருப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும். பத்தியம் என்று பயந்து நீ தயிர்சோற்றோடு நிறுத்திக்கொள்வது போதாது. முட்டையின் வெள்ளைக்கருவில் பாஸ்பரஸ் குறைவு என்பதால் எத்தனை சாப்பிடலாம் என்று உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் மாலையில் நட. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழகு. டயாலிசிஸ் ஊசி போட இரத்தக் குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா இருக்கும் கைக்கு மட்டும் என்ன பயிற்சி தகும் என்று கேட்ட பிறகே செய்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவைத்துக் காத்திருக்கிறோம். நலிந்த உடலுக்கு அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு தேறுவது கடினம் என்பதால், இந்தக் காத்திருப்புக் காலம் உடலைத் தேற்றுவதற்கு வேண்டிய காலம். மருத்துவர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே எனக்குத் தெரிவி.

அன்புடன்,
அம்மா