கோழிகளையும் ஏற்றி வந்தவர்களுக்கு

பத்தனையில் (மலைப் புல்வெளியில்) தீப்பிடித்து எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து (வரிசை வீடுகளில் இருக்கிற) ஆட்களையெல்லாம் கீழே இறக்கியபோது உதவியவர்களுக்குத் தலைவரும் கோவில் கமிட்டியும் முறைப்படி நன்றி சொல்லிவிட்டார்கள். பெனர் கட்டியாயிற்று, பொன்னாடை போர்த்தியாயிற்று. சரி, அது நடக்கவேண்டியதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் வராத கொஞ்சப் பேர் இருக்கிறார்கள், எங்கள் கோழிகளைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள். மேடையில் ஏறி "கோழி பிடித்தவர்களுக்கும் நன்றி" என்று சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக இடத்தைப் பற்றிக் கொஞ்சம். நாங்கள் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில், இலங்கையின் ஊவாப் பக்கம். ஆடி ஆவணியில் ஹட்டன் பக்கம் நனைந்துகொண்டிருக்கும்போது, அதே காற்று மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு எங்களிடம் வெறும் காற்றாக வந்து இறங்கும். மானாப்புல் முறுகிக் கிடக்கும். மாட்டுக்குப் புதுப்புல் வரட்டும் என்று ஒருவர் கொளுத்துவார், பன்றி கிளப்ப இன்னொருவர், சும்மா பீடியை எறிந்துவிட்டுப் போகிறவர் வேறு. நம் நாட்டில் காடு தானாகப் பற்றுவது குறைவு, பற்றவைக்கிற கை எங்கேயாவது இருக்கும். எங்கள் லயத்துக்கு மேலே வரிசையாக யூகலிப்டஸ் நிற்கிறது. அதன் பட்டை நீளநீளமாக உரிந்து, பற்றிக்கொண்டு பறக்கும். தீ வருவதற்கு முன்னாலேயே பொறி வந்து கூரையில் விழும். அன்றைக்கும் அப்படித்தான். யாரோ அனர்த்த அவசர இலக்கம் 117க்கு போன் பண்ணி, கிராம சேவகர் வந்து, பின்னேரம் எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார். கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் 2014 இல் என்ன நடந்தது என்று எங்கள் பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்சரிவு வேறு, தீ வேறுதான், ஆனாலும் இறங்கச் சொன்னால் இப்போதெல்லாம் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை, அடையாள அட்டையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம்.

கோழியை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆள் உயிர்தான் முதலில். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, "ராத்திரிக்கு சுட்டகோழி ரெடி" என்று சிரித்த ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம். அவருக்கு ஒன்று சொல்கிறேன். 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தச் சம்பளம் கையில் வருவதற்குள் அட்வான்ஸ், ஈ.பி.எப்., சந்தா, கடைக் கடன் என்று எத்தனை வழியில் போகிறது என்று தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். மிச்சத்தை வீட்டில் யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதையும் கேளுங்கள். முட்டைக் காசு மட்டும்தான் பெண்களிடம் நேராக வருகிற காசு, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத காசு. டியூஷன் பீஸ், பிள்ளைக்குச் சப்பாத்து, போனுக்கு ரீலோட், எல்லாம் அதில்தான். அந்தக் கூண்டு எரிந்தால் எரிவது கோழி மட்டும் இல்லை.

முதல் நன்றி வெலிமடைப் பக்கத்து மரக்கறி லொறிக்கார மல்லிக்கு (சிங்களத்தில் தம்பி). சாமான் இறக்கிவிட்டு வெறுங்கூடைகளோடு திரும்பிக்கொண்டிருந்தவர், ரோட்டில் நாங்கள் மூட்டையும் முடிச்சுமாக நிற்பதைப் பார்த்து நிறுத்தினார். யாரும் கேட்கவில்லை. வயதானவர்களை ஏற்றி இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, "அக்கா, கோழி இருக்கா?" என்று அவரேதான் கேட்டார். நாங்கள் கோழிகளைச் சாக்கில் போடப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாக்கைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு அவர் செய்ததை இங்கே விவரமாகவே எழுதுகிறேன், அடுத்த வருடம் யாருக்காவது உதவும். கரட், லீக்ஸ் ஏற்றுகிற பிளாஸ்டிக் கூடை ஒன்றை நிமிர்த்தி வைத்து, அடியில் புல்லைப் போட்டு, மூன்று நான்கு கோழியை உள்ளே விட்டு, இன்னொரு கூடையை வாய்க்கு வாய் கவிழ்த்து, நாலு மூலையிலும் நைலோன் கயிற்றால் முடிந்தார். அவ்வளவுதான், கூண்டு தயார். சுற்றிலும் ஓட்டை, அதனால் மூச்சு முட்டாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் கீழே இருப்பது நசுங்காது. மேலே படங்கை (லொறி மூடுகிற தார்ப்பாயை) விரித்து மூடினார். இருட்டாக இருந்தால் கோழி அடங்கிவிடும், வெளிச்சம் பட்டால்தான் அடித்துக்கொள்ளும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டவர்களைத் திட்டவும் திட்டினார். அவர் வீட்டில் முட்டைக்கு லேயர் கோழி வளர்க்கிறார்களாம். இறக்கையை உடம்போடு சேர்த்து அணைத்து, கக்கத்தில் இடுக்கி, தலை பின்னால் இருக்கிறமாதிரி எப்படித் தூக்குவது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தது அவர்தான். டீசலுக்குக் காசு கொடுத்தோம், வாங்கவில்லை. இந்த மடலைச் சிங்களத்தில் எழுதித்தர ஒரு தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், அவருக்குப் போய்ச் சேரவேண்டும்.

கூண்டில் இருந்தவை இப்படி வந்துவிட்டன. தேயிலைக்குள் மேய்ந்துகொண்டிருந்தவைதான் பாடாய்ப் படுத்தின. பையன்கள் கம்பை எடுத்துக்கொண்டு துரத்த, அவை காட்டுத்தொங்கல் பக்கம், அதாவது தீ இருக்கிற பக்கம் ஓட ஆரம்பித்தன. கடைசிக் காம்பரா (லயத்து அறை) அம்மாயி ரோட்டிலிருந்தே போட்ட சத்தத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். "துரத்தாதீங்கடா, விடுங்க. பொழுது சாஞ்சா அதுவே வந்து அடையும், அப்ப போய் எடுங்க, கண்ணு தெரியாது அதுக்கு." அம்மாயி, உங்களுக்கு நன்றி. நீங்கள் சொன்னதை நம்பி, நிலைமையைப் பார்த்து, காற்று திரும்பியிருந்த நேரத்தில் இரண்டு பேரை மட்டும் டோர்ச்சோடு மேலே போகவிட்டு, தானும் கூடவே ஏறிய அந்த பொலிஸ் சார்ஜன்ட்டுக்கும் நன்றி. விதிப்படி அவர் விட்டிருக்கவே தேவையில்லை. முடியாது என்று அவர் சொல்லியிருந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். புகைக்குள் ஏறி, இஸ்தோப்பு (வீட்டு முன்திண்ணை) கம்பியிலும் விறகுக் கட்டின்மேலும் அடைந்திருந்த கோழிகளைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டார்களாம். ஒன்று கூடக் கொக்கரிக்கவில்லையாம். பெட்டி கொடுத்தது கடைக்கார நானா. பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டி எல்லாவற்றையும் கொட்டிக் காலியாக்கி, ஒவ்வொன்றிலும் ஆணியால் துளை போட்டுக் கொடுத்தார். கொட்டின சாமான் கடைத் தரையில் கிடந்தது, மறுநாள்தான் அடுக்கினார்.

இனி எங்கே வைப்பது? முதலில் கேட்ட மண்டபத்தில் கோழி வேண்டாம், நாறும் என்றார்கள். நாறும்தான், பொய் இல்லை. ஆட்கள் தூங்குகிற இடம் அது. அப்போதுதான் பிள்ளைக்காம்பரா (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்) ஆயாம்மா தன்னிடம் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு வந்து, பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவைத் திறந்துவிட்டார். யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம்.

மிருக வைத்தியர் டொக்டரை இங்கே பெயர் சொல்லாமல்தான் குறிப்பிடுகிறேன், அவருக்கு விளம்பரம் பிடிக்காது. இரவில் போனில் பேசி, விடிந்ததும் மோட்டார்சைக்கிளில் வந்து நின்றார். அவர் சொன்னதில் பாதி எங்களுக்குப் புதுசு. நம் நெஞ்சுமாதிரி கோழியின் நுரையீரல் விரிந்து சுருங்காது, உடம்பெல்லாம் பரவியிருக்கிற காற்றுப்பைகள்தான் காற்றை இழுத்துத் தள்ளுமாம், அதனால் புகை நம்மைவிட அவற்றுக்குச் சீக்கிரம் பிடித்துவிடும். வெள்ளைக்காரன் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கூண்டில் குருவி கொண்டுபோனதும் இதற்காகத்தானாம், நச்சுக் காற்று வந்தால் ஆளுக்கு முன்னால் அது சாய்ந்துவிடும். கோழிக்கு வியர்க்கவும் வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை இறக்கும். அந்த இரைப்போடு புகையும் உள்ளே போகிறது. அதனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள், ஒரு வேளைக்கு ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) கரைத்து வையுங்கள், கூட்டித் தூசி கிளப்பாதீர்கள், ஓடவிடாமல் சும்மா இருக்கவிடுங்கள் என்றார். தண்ணீர் தொட்டியில் சாம்பல் விழுந்தால் உடனே மாற்றச் சொன்னார், பீலித் (ஊற்றுக் குழாய்) தண்ணீரைத் தூக்கி மாற்றினது யார் யார் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் நன்றி.

அவர் இன்னொன்றும் சொன்னார், அதுதான் முக்கியம். ஒரு வீட்டுக் கோழியை இன்னொரு வீட்டுக் கோழியோடு கலக்காதீர்கள். தீயில் தப்பியது ராணிக்கெட் என்கிற தொற்றுநோயில் போய்விடும், ஒரு கூட்டத்தில் ஒரு கோழிக்கு இருந்தால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, பாட்டியின் கம்பளி நூலை அறுத்து, வீட்டுக்கு ஒரு நிறமாகக் கோழிக் காலில் கட்டினார்கள். இறுக்கிக் கட்டவில்லை, ஒரு விரல் நுழைகிறமாதிரி விட்டுக் கட்டினார்கள், அதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. சாக்கால் தட்டி அடித்து வீட்டுக்கு வீடு பிரித்ததும் அவர்கள்தான். நோய் எதுவும் வரவில்லை.

அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கோழியை முட்டையோடு சேர்த்துத் தூக்கிவந்த அந்தத் தங்கச்சியைச் சொல்லாமல் விட்டால் பாவம். முட்டைகளைத் தாவணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு லொறியில் உட்கார்ந்திருந்தாள். கோழி தீன் தின்ன எழுந்து போகும்போது முட்டை கொஞ்சம் ஆறத்தானே செய்கிறது, ஒன்றும் ஆகாது என்று அவளே எங்களுக்குத் தைரியம் சொன்னாள். பிள்ளைக்காம்பரா மூலையில் வைத்ததும் கோழி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டது. பாதிக்கு மேல் பொரித்தது.

தீயைத் தோட்டத்து ஆட்களும் கீழ்க்கிராமத்துச் சிங்கள அண்ணன்மாரும் தியத்தலாவையிலிருந்து வந்த படையினரும் சேர்ந்து, புல்லை வெட்டி வெறுந்தரையாக்கி, தேயிலை ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். லயம் தப்பியது. ஆனால் கடைசி லயத்துக்குப் பின்னால் இருந்த கூண்டுகள் பொறி விழுந்து எரிந்திருந்தன. மறுபடி ஏறிப் போனபோது பார்த்தேன். கம்பிவலை மட்டும் நின்றது, பலகை முழுக்கக் கரி, தண்ணீர் வைத்த பிளாஸ்டிக் போத்தல் உருகித் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. உள்ளே எலும்பு எதுவும் இல்லை. சிரித்தவர் அதைப் போய்ப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

எல்லாம் பிழைத்தது என்று சொல்லமாட்டேன். வயதான பெட்டைகள் சில, குஞ்சுகள் கொஞ்சம், புகை தாங்காமல் போய்விட்டன. பிழைத்தவையும் பயத்தில் முட்டையை நிறுத்திவிட்டன, சில இறகு உதிர்த்தன. டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் யாரும் அதற்காகக் கறிக்கு அறுக்கவில்லை. இப்போது மெதுவாக இட ஆரம்பித்திருக்கின்றன. எரிந்த கூண்டுகளுக்குத் தகரமும் கம்பிவலையும் கொடுத்த பண்டாரவளை ஹாட்வெயார்க்கார ஐயாவுக்கும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று அடித்துக்கொடுத்த பையன்களுக்கும் நன்றி. இந்தத் தடவை கூண்டைச் சுற்றிப் புல் வைக்காமல் செதுக்கியிருக்கிறோம், கூரையில் சாக்கும் இல்லை.

அப்புறம் இரண்டு விஷயம். மல்லியின் கூடைகளைக் கழுவிக் காயவைத்து நானா கடைக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறோம், லொறி இந்தப் பக்கம் வரும்போது ஏற்றிக்கொள்ளலாம். காலில் நீல நூல் கட்டின ஒரு செம்பெட்டை இன்னும் என் வீட்டில்தான் நிற்கிறது. நீலம் இரண்டு வீட்டுக்குக் கட்டிவிட்டார்கள்போல, இரண்டு வீட்டாரும் எங்களுடையது இல்லை என்கிறார்கள். யாருடையதோ, வந்து பார்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள். இதுவரை இட்ட முட்டையை எடுத்து வைத்திருக்கிறேன், அதையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.