பேருந்து நிற்காத பாரான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, எகிப்தின் சீனாய்ப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சீனாய் மலையடியில் உள்ள புனித கத்தரீன் மடத்தைப் பற்றி நிறைவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அங்கே போகும் வழியிலேயே இருக்கிற வாடி ஃபேரான், அதாவது பழைய பாரான் என்னும் பாலைவனச் சோலை பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நாங்கள் பேருந்தில் போனபோதும் அங்கே நிற்காமல்தான் போகப் பார்த்தார்கள். சூயஸ் தாண்டியதிலிருந்து மணலும் மொட்டைப் பாறையும்தான். சட்டென்று சாலையோரமெல்லாம் பேரீச்ச மரங்கள். “இதுதான் ரெவிதீம்” என்று வழிகாட்டி மைக்கில் சொல்லி முடிப்பதற்குள் பாதித் தோப்பு கடந்துவிட்டது. கூட வந்த பாட்டி ஒருவருக்குக் குமட்டல் வந்து வண்டியை நிறுத்தினார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் பார்த்ததுதான்.

ஒரு பக்கம் ஜெபல் தஹூனா குன்று. வேதாகமத்தின்படி ரெவிதீமில் இஸ்ரவேலருக்கும் அமலேக்கியருக்கும் யுத்தம் நடந்த அன்று மோசே கைகளை ஏறெடுத்தபடி இருந்ததும், கை ஓய்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் இருபுறமும் தாங்கிக்கொண்டதும் இங்கேதான் என்று ஆதிக் கிறிஸ்தவர்கள் நம்பினார்கள். அதனால்தான் குன்றின் மேல் ஆலயம் கட்டினார்கள். அதன் இடிபாடு இன்னும் நிற்கிறது. மறுபக்கம் தெல் மஹ்ரத் என்னும் மேடு. பழைய பாரான் நகரம் அதுதான். 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வழியே யாத்திரை வந்த எகேரியா அம்மையார், சீனாய் மலையிலிருந்து இறங்கிவந்து பாரானில் இரண்டு நாள் தங்கி இளைப்பாறினார். ஜஸ்டினியன் பேரரசர் 6ஆம் நூற்றாண்டில் கத்தரீன் மடத்துக்குக் கோட்டைச் சுவர் எழுப்புவதற்கு முன்பே இந்தச் சோலையில் ஆயர் இருந்தார், சுற்றியுள்ள மலைகளில் துறவிகள் இருந்தார்கள். இன்றும் அந்த மடத்தின் தலைவருக்குப் பட்டமே ‘சீனாய், பாரான், ராயித்து பேராயர்’ என்பதுதான்.

இடிபாடுகளுக்குப் பக்கத்திலேயே கத்தரீன் மடத்தைச் சேர்ந்த கன்னியர் மடம் ஒன்று இருக்கிறது. கறுப்பு அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு கன்னியர், நம் வயலில் மடை மாற்றுவதுபோல, மரத்தடிக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை கழுவிவிட்டு வந்து உள்ளே கூப்பிட்டார். அதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார். அந்த முகம் இன்னும் மனசில் நிற்கிறது.

கெய்ரோவில் பாப்பிரஸ் (நாணல் தாள்) கடையில் எங்களை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பயணம் ஏற்பாடு செய்பவர்கள் அதில் பாதியையாவது பாரானுக்குத் தரட்டும். குன்றின் அடியில் நின்று யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தை வாசிக்க அவ்வளவு போதும். தாங்களும் இந்தச் சோலையைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
வாசகி ஒருவர்,
பாளையங்கோட்டை.