கதவைத் திறந்தது ஏன் என்று கேட்டவன் எழுதுவது

அன்புள்ள அக்கா,

சென்ற வாரம் என் மகனுக்கு 15 வயது நிறைந்தது. வண்டி ஓட்டப் பழகுவதற்கான உரிமமும் வந்துவிட்டது. போலீஸ் நிறுத்தினால் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், எதையும் எடுக்கச் சட்டென்று குனியாதே என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, இவற்றை வேறொருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேனே என்று உறைத்தது. ஆஞ்சி தாமஸின் ‘தி ஹேட் யூ கிவ்’ நாவலில் ஸ்டார் என்ற கறுப்பினச் சிறுமிக்கு 12 வயதில் அவள் அப்பா சொல்லிக்கொடுப்பவைதான் இவை. நீங்கள் கொடுத்து நான் படித்த நாவல். பிறகு அவள் கண்முன்னே அவள் நண்பன் கலீலை, வண்டியை நிறுத்திய காவலர் சுட்டுக் கொல்லும் கதை.

அந்த நாவலைப் பற்றிப் பேச நம் வாசிப்புக் குழு கூடிய 2020 ஜூன் மாதத்து ஜூம் கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸில் கறுப்பரான ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு காவலர் முழங்காலால் 9 நிமிடம் 29 நொடி அழுத்திக் கொன்று ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் காணொளியைப் பார்த்து நாம் எல்லோருமே அழுதிருந்தோம். அப்படி அழுத நான்தான், “காவலர் அசையாதே என்று சொன்ன பிறகு கலீல் கார்க் கதவை ஏன் திறந்தான்?” என்று கேட்டேன். நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, யாரோ சிரித்தார்கள், நீங்கள் எழுந்து போகவில்லை. உங்களுக்குப் பின்னால் கதவோரத்தில் உங்கள் மகன் வந்து நின்றதைப் பார்த்தேன். பார்த்த பிறகும், தென் கரோலைனாவில் ஒரு பள்ளியின் வாசிப்புப் பட்டியலில் இந்த நாவல் இருந்ததைக் காவலர் சங்கமே 2018இல் எதிர்த்ததே, இது ஒருதலைப்பட்சமான கதைதானே என்று பேச்சை நீட்டினேன். சற்று நேரத்தில் உங்கள் கட்டம் கறுத்து, வெறும் பெயர் மட்டும் நின்றது.

ஒருதலைப்பட்சம் என்று சொன்னவன் புத்தகத்தை ஒழுங்காகப் படித்திருக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஸ்டாரின் தாய்மாமன் கார்லோஸே காவலர்தான். சுட்டவர் அவருடன் வேலை பார்ப்பவர். முதலில் அவருக்காகப் பரிந்து பேசும் மாமன் பிறகு எப்படி மாறுகிறார் என்பதும் நாவலில் ஒரு முக்கியப் பகுதி. என் கேள்விக்கான பதிலும் நான் படித்த பக்கத்திலேயே இருந்தது. உனக்கு ஒன்றுமில்லையே என்று ஸ்டாரிடம் கேட்கத்தான் கலீல் கதவைத் திறக்கிறான். செய்தியில் இதெல்லாம் வராது. அங்கே துப்பாக்கியில் தொடங்கி, அவன் போதைப்பொருள் விற்றான் என்பதில் முடித்துவிடுவார்கள். நாவல் நம்மை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், ஸ்டாரின் இடத்தில் உட்கார வைக்கிறது. அங்கே உட்கார்ந்து, காவலர் துப்பாக்கி என்று நினைத்தது முடி சீவும் பிரஷ் என்று தெரிந்துகொண்ட பிறகும் ‘ஏன் திறந்தான்’ என்று கேட்டவன் நான். 2015இல் அலபாமாவில், பேரனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த குஜராத்தித் தாத்தாவைக் காவலர் ஒருவர் தரையில் வீழ்த்தி முடமாக்கியபோது, கறுப்பர் என்று தவறாக நினைத்துவிட்டார்களாம் என்று நாம் பேசிக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? கறுப்பராகவே இருந்திருந்தால் அது தவறாகியிருக்காது என்பதுபோல அல்லவா பேசினோம்!

எனக்கும் ஒரு நியாயம் இருந்தது, அக்கா. சீருடை போட்டவர் சொன்னதைச் செய்தால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில்தான் விசா வரிசைகளில் பல வருடங்கள் பிழைத்தோம். அந்த நம்பிக்கையை ஒரு கதைக்காக விட்டுவிட முடியவில்லை. நாவலில் வரும் சீனப் பெண் மாயா, தன் குடும்பம் பூனையைத் தின்றதா என்று பள்ளித் தோழி ஹெய்லி கேலி செய்தபோது கூடவே சிரித்தவள். ஸ்டாரும் அன்று சிரித்தவள்தான், ஆனாலும் பிறகு இருவரும் உட்கார்ந்து அதைப் பேசித் தீர்க்கிறார்கள். அந்தப் பேச்சை நீங்கள் எங்களுக்குத் தரவே இல்லை. மறுநாளே குழுவிலிருந்து விலகினீர்கள். என் அழைப்புகளையும் எடுக்கவில்லை. எங்களைச் சோதித்துப் பார்க்கத்தான் அந்த நாவலைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால், அதையும் நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் நடந்ததை நான் அறிந்தது அடுத்த வருடம், அதுவும் அடுத்தவர் வாயால். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் மகனின் முடிவு.

உங்கள் பிரதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மகனிடம் பேசிய அன்று இரவு அதை மீண்டும் எடுத்தேன். அப்பா கைகளைப் பற்றிச் சொல்லும் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் மெலிதாக ஒரு தேதி எழுதியிருக்கிறீர்கள். 2020இல் அதைத் தாண்டித்தான் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன்.

சனிக்கிழமை காலையில் வந்து தரலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் பேச விரும்பவில்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள். வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன்.

உங்கள் தம்பி