அம்மாவின் பராமரிப்பாளர்களுக்கு எங்கள் நன்றி

சிட்னியின் மேற்குப் புறநகரொன்றிலுள்ள முதியோர் இல்லத்தில் எங்கள் அம்மாவைப் பராமரித்துவரும் அனைவருக்கும் வணக்கம்.

இடுப்பு எலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்று உங்களிடம் வந்தபோது அம்மா சலத்தை (சிறுநீரை) அடக்க முடியாமல் பம்பர்ஸ் எனப்படும் உறிஞ்சும் அணையாடை அணிந்திருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, நினைவும் மங்கத் தொடங்கிவிட்டது, இனி இப்படித்தான் இருக்கும் என்று வைத்தியசாலையில் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதை முடிந்த முடிவாக நீங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்காகவே இந்த மடலை எழுதுகிறோம்.

தாதி அவர்களே, அம்மா எப்போது என்ன குடிக்கிறார், எப்போது சலம் கழிக்கிறார், எப்போது உடை நனைகிறது என்பதையெல்லாம் மூன்று நாட்கள் இரவு பகலாகக் குறித்துவைக்கச் செய்து, அந்தக் குறிப்பிலிருந்தே காரணங்களைத் தேடினீர்கள். மலச்சிக்கலால் நிறைந்த குடல் சலப்பையை அழுத்திக்கொண்டிருந்தது. நனைந்துவிடுமோ என்ற பயத்தில் அம்மா தண்ணீரைக் குறைத்திருந்ததால், செறிவான சலம் சலப்பையை உறுத்தி அவசரத்தை இன்னும் கூட்டியிருந்தது. கால் வீக்கத்துக்கான, சலத்தை அதிகரிக்கும் நீர்மாத்திரை பிற்பகலில் கொடுக்கப்பட்டுவந்ததைக் கவனித்து, வைத்தியருடன் பேசி அதைக் காலைக்கு மாற்றினீர்கள். இவற்றில் எதுவும் முதுமையின் தவிர்க்க முடியாத விளைவு அல்ல என்று எங்களுக்குப் பொறுமையாக விளக்கியமைக்கும் நன்றி.

பகல்நேரப் பராமரிப்பாளர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது. அம்மாவின் பழக்கங்களை எங்களிடம் கேட்டறிந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்து, பாட இடைவேளைகளில் மட்டுமே மலசலகூடத்துக்குப் போய்ப் பழகியவர் அவர் என்பதை அறிந்து, எல்லோருக்கும் பொதுவான நேர அட்டவணைக்குள் அவரை அடக்காமல், அவருக்கென்று நேரங்களை வகுத்தீர்கள். காலையுணவும் தேநீரும் உள்ளே போனதும் குடல் இயல்பாக அசையத் தொடங்கும் என்பதால், அந்த நேரத்தில் அவரை அழைத்துச் சென்று, காலுக்கு ஒரு சிறு பலகை வைத்து, அவசரப்படுத்தாமல் வெளியே காத்து நின்றீர்கள். பெண் பராமரிப்பாளர்தான் உதவ வேண்டும் என்ற அவருடைய விருப்பத்தையும், கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும் என்பதையும் ஒரு சலுகையாகக் கருதாமல் பராமரிப்புத் திட்டத்திலேயே எழுதிவைத்தீர்கள். சாப்பாட்டு மண்டபத்தில் பலர் முன்னிலையில் உரத்துக் கேட்காமல், அருகே குனிந்து “வாங்கோ அம்மா, போயிட்டு வருவம்” என்று சொல்வதற்காகவே, தமிழ் தெரியாத நீங்கள் அந்த வாக்கியத்தைப் பாடமாக்கிக்கொண்டீர்கள். அதைக் கேட்டதும் அம்மா எழுந்துவிடுகிறார்.

கதிரையிலிருந்து தானாக எழப் பயிற்றுவித்த இயன்மருத்துவருக்கும், வெள்ளைத் தரையில் மலசலகூடத்தின் வெள்ளை இருக்கை அம்மாவுக்குப் புலப்படவில்லை என்பதைக் கண்டு நீல இருக்கை பொருத்தி, படுக்கையிலிருந்து மலசலகூடம் வரை இரவு விளக்கு வைத்தவர்களுக்கும் நன்றி.

அவுஸ்திரேலியாவில் 2018 இல் அமைக்கப்பட்ட முதியோர் பராமரிப்புக்கான அரச ஆணைக்குழுவின் முன், சில இல்லங்களில் பம்பர்ஸ் கூடக் கணக்குப் பார்த்துக் கொடுக்கப்பட்டதாகச் சாட்சியங்கள் வந்தன. 2024 ஒக்டோபர் முதல், ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிட நேரடிப் பராமரிப்பு வழங்கப்பட வேண்டும் என்பது விதி. உணவு, குளிப்பு, மருந்து எல்லாவற்றுக்கும் அந்த நேரமே போதாது என்பதை நாங்கள் அருகிலிருந்து பார்க்கிறோம். பம்பர்ஸை மாற்றிவிட்டுப் போவது, ஒருவரை மெல்ல நடத்திச் சென்று கூட்டி வருவதைவிட விரைவாக முடியும் வேலை. நீங்கள் நடத்திச் செல்வதையே தேர்ந்தெடுத்தீர்கள்.

அம்மா பகலில் இப்போது தன்னுடைய சொந்த உள்ளாடையுடன் இருக்கிறார். இரவில் இன்னமும் பம்பர்ஸ் தேவைப்படுகிறது, சில நாட்களில் படுக்கை நனைவதும் உண்டு. அப்போது கடிந்துகொள்ளாமல், பேச்சுக்கொடுத்தபடியே துடைத்து, தோல் புண்ணாகாதபடி களிம்பு பூசி, உடை மாற்றிவிடும் இரவுப் பணியாளர்களை நாங்கள் நேரில் சந்திப்பதே அரிது. அவர்களுக்கு எங்கள் தனிப்பட்ட வணக்கம்.

இதனைப் பொதுவில் பகிர்வதற்கு முன் அம்மாவுக்கு முழுவதுமாக வாசித்துக் காட்டிச் சம்மதம் பெற்றோம். தினமும் அறையைத் துடைக்க வரும் துப்புரவுப் பணியாளர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்றும், அவரை நாங்கள் மறந்துவிட்டோம் என்றும் அம்மா சொன்னார். அவருக்கு அம்மாவின் நன்றியை இங்கே தெரிவிக்கிறோம்.

அன்புடன்,
பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்