கிளினிக் கொப்பியை விளங்கப்படுத்த ஒருவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மகள் வேலைக்குப் போவதால் பேரனைக் கிளினிக்குக்குக் கொண்டு போவது என் பொறுப்பு. ஒன்பதாம் மாதம் நிறுத்தபோது, “நிறை காணாது அம்மா, நல்லாச் சாப்பாடு குடுங்கோ” என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நாலு பிள்ளை வளர்த்த எனக்கு நல்ல சாப்பாடு எதுவென்று தெரியாதா என்ற நினைப்பு.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிள்ளையின் நிறையை மாதாமாதம் புள்ளியாகப் போடும் அந்தக் கிளினிக் கொப்பியை விரித்தேன். ஏழாம், எட்டாம், ஒன்பதாம் மாதப் புள்ளிகள் மூன்றும் கொடிக்கயிறு கட்டினமாதிரி ஒரே மட்டத்தில் கிடந்தன. மூன்று மாதமும் 7.6 கிலோ. முதல் புள்ளி சரியான நிறையைக் காட்டும் கடும்பச்சையில் நின்றது, மூன்றாவது அதற்குக் கீழே, நிறை குறையப் பார்க்கிறது என்று காட்டும் இளம்பச்சைக்கு வந்துவிட்டது. ‘பச்சைதானே’ என்று நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம். நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது, கோடு மேலே ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

பிழை என்னுடையதுதான். தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில் அரிசிக் கஞ்சியைத் தெளிய வடித்துச் சூப்பிப் போத்தலில் கொடுத்து வந்தேன். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு மசித்த சாப்பாடு கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாத தடிப்பில் இருக்க வேண்டுமாம். பிள்ளையின் வயிறு சின்னது. அதைத் தண்ணீரால் நிரப்பினால் பசி அடங்கும், உடம்பில் ஒன்றும் சேராது. பிறகு சோறும் பருப்பும் முருங்கையிலையும் மசித்து, முள் எடுத்த சூடைமீன் கொஞ்சமும் ஒரு கரண்டி தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் கோடு ஏறியது.

கிளினிக்கில் நிறை பார்க்கும் மிட்வைப்பில் (குடும்பநல மாதுவில்) குறை சொல்ல மாட்டேன். அன்று காலை அவர் முன்னால் நாற்பது தாய்மார். பிள்ளையை நிறுத்து, புள்ளி போட்டு, அடுத்த திகதி எழுதவே நேரம் போய்விடுகிறது. ஆனால் கொப்பி தானாகப் பேசாது! ஊசிக்கும் நிறைக்கும்தான் அந்தக் கொப்பி என்று நினைக்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே எத்தனையோ.

நிறை குறைந்த பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவும் அப்படித்தான். ஒரு பிள்ளைக்கு மாதம் இரண்டு பைக்கற், ஒன்று 750 கிராம். முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 50 கிராம். கணக்கு அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும்தான். எங்கள் பக்கத்தில் அது சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டையாகி, பள்ளிக்கூடம் விட்டு வரும் அண்ணன்மாருக்குப் போகிறது. இல்லாத வீட்டில் அதைப் பிழை என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் அந்தக் கணக்கை யாராவது வாய்விட்டுச் சொன்னால் சின்னதுக்கு முதலில் எடுத்து வைப்பார்கள்.

போனில் தேடினால் தமிழில் வருபவை பெரும்பாலும் தமிழ்நாட்டு வீடியோக்கள். கேழ்வரகு என்றால் எங்கள் குரக்கன்தான் என்று மகளுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு மாதப் பிள்ளைக்கு நாக்கில் தேன் தடவச் சொன்ன ஒன்றையும் பார்த்தேன். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கவே கூடாது.

சுகாதாரப் பணிமனையிடம் ஒன்று கேட்கிறேன். நிறைக்கோட்டுப் படத்தைப் பெரிதாக அடித்துக் கிளினிக் சுவரில் ஒட்டி, காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் அதை விளங்கப்படுத்தினால் போதும். அம்மம்மாமார், அப்பம்மாமாரையும் கூப்பிடுங்கள். பகலில் பிள்ளைக்குச் சாப்பாடு தீத்துவது நாங்கள்தான்.

உங்களிடமும் ஒன்று. பால்மா விளம்பரத்துக்கு அரைப்பக்கம் போகிற பத்திரிகையில் வாரம் கால் பக்கம் இதற்குக் கிடைக்காதா? யாழ். மருத்துவபீடத்தில் பிள்ளை வைத்தியம் படிப்பிப்பவர்களும், ஊர் ஊராய்ச் சைக்கிளில் திரிந்த பழைய மிட்வைப்மாரும் இங்கேயே இருக்கிறார்கள். சந்தையில் அன்றன்று மலிவாய்க் கிடக்கும் கீரையையும் மீனையும் வைத்து எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் கஞ்சியின் தடிப்பைப் பற்றி வரட்டும். படத்தோடு போடுங்கள், கரண்டியைச் சரித்துப் பிடித்தபடி.

இப்படிக்கு,
ஒரு அம்மம்மா,
கோண்டாவில்.